சொல்லும் மேடையும்: ஹிப்ஹாப் வரலாற்றில் சில நிகழ்வுகள்

 

நம் பிள்ளைகள் கேட்கும் ராப் பாடல்களைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இரண்டு பதில்களே கிடைக்கின்றன. "அது வெறும் கூச்சல், காதில் வாங்கவே கூடாது" என்பர் சிலர். "அந்தப் பாடகர்களில் பலர் முஸ்லிம்களாமே, பிறகென்ன?" என்பர் வேறு சிலர். மதரஸாவில் பயிலும் பதின்வயதுப் பிள்ளைகள் இந்த இரண்டாவது பேச்சையே கேள்வியாக நம்மிடம் கொண்டுவருகின்றனர். இரண்டுமே வரலாற்றை அறியாமல் சொல்லப்படுபவை. அறியாமல் விலக்குவதும் அறியாமல் ஏற்பதும் பிள்ளைகளிடம் நெடுநாள் செல்லுபடியாவதில்லை. எனவே, அந்த வரலாற்றைச் சுருக்கமாகவேனும் தெரிந்துகொள்வது நம் பொறுப்பாகிறது.

இசைக்கருவிகள் தொடர்பான மார்க்கச் சட்டம் அறிஞர் பெருமக்கள் விரிவாக ஆய்ந்துள்ள தனிப்பொருள். இக்கட்டுரை அதற்குள் செல்லவில்லை. மேடையில் நின்று மக்கள் திரளிடம் சொல்லப்படும் சொல் என்னென்ன செய்யக்கூடும் என்பதையே இங்கு நோக்கவிருக்கிறோம். ஹிப்ஹாப் கலையில் ஒலிப்பதிவைவிட மேடையே மூத்தது. 1973ல் தொடங்கியதாகக் கருதப்படும் இக்கலையின் முதல் ராப் இசைத்தட்டுகள் 1979ல்தான் வெளிவந்தன. இசைத்தட்டில் பிழை நேர்ந்தால் அழித்துவிட்டு மீண்டும் பதிவு செய்யலாம். ஆயிரம் பேர் முன் சொன்ன சொல்லை அவ்வாறு அழிக்க இயலாது. நாவு ஓர் அமானிதம் என்று நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அந்த அமானிதம் பேணப்பட்ட தருணங்களையும் பாழ்படுத்தப்பட்ட தருணங்களையும் இம்மேடைகளில் அருகருகே காணலாம்.

பழிவாங்காத ஒரு முடிவு

நியூயார்க் மாநகரின் பிராங்க்ஸ் பகுதி 1970களின் தொடக்கத்தில் சிதைந்துகொண்டிருந்தது. குடியிருப்புகளின் நடுவே பெரிய நெடுஞ்சாலை போடப்பட்டதால் பல்லாயிரம் குடும்பங்கள் இடம்பெயர்ந்திருந்தன. காப்பீட்டுப் பணத்துக்காகக் கட்டட உரிமையாளர்களே தம் கட்டடங்களுக்குத் தீ வைக்கும் கொடுமையும் நிகழ்ந்தது. வேலையற்ற இளைஞர்கள் கும்பல்களாகப் பிரிந்து, தெருக்களை எல்லை பிரித்து ஆண்டனர். ஒரு தெருவைச் சேர்ந்தவன் மற்றொரு தெருவில் கால் வைப்பது உயிருக்கே ஆபத்தாக இருந்தது.

அக்கும்பல்களில் ஒன்று கெட்டோ பிரதர்ஸ். சண்டைகளை விலக்கிவைக்க அவர்கள் ஒரு சமாதானத் தூதரை நியமித்திருந்தனர். 'பிளாக் பெஞ்சி' என்று அழைக்கப்பட்ட அவர், 1971 டிசம்பர் 2 அன்று கும்பல்களுக்கிடையே மோதலைத் தடுக்கச் சென்றபோது அடித்துக் கொல்லப்பட்டார். பெரும் பழிவாங்கல் நிகழும் என்று ஊரே அஞ்சியது. கெட்டோ பிரதர்ஸ் தலைவர்களோ பழிவாங்குவதில்லை என்று முடிவெடுத்தனர். டிசம்பர் 8 அன்று ஹோ அவென்யூவிலிருந்த சிறுவர் மன்றக் கட்டடத்தில் எல்லாக் கும்பல்களையும் கூட்டி உடன்படிக்கை செய்தனர். அது எல்லா வன்முறையையும் நிறுத்திவிடவில்லை. ஆயினும், இளைஞர்கள் மெல்ல மெல்ல ஒருவர் பகுதிக்குள் மற்றவர் செல்ல வழி பிறந்தது. பல தெருப் பிள்ளைகள் ஓரிடத்தில் கூடும் விருந்து பின்னாளில் நடக்க முடிந்ததென்றால், அதற்கு முன் இந்த மன்னிப்பு இருந்தது என்பதை வரலாற்றாசிரியர்கள் பலர் சுட்டுகின்றனர்.

1973 ஆகஸ்ட் 11 அன்று, செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுக்கூடத்தில் ஒரு சிறு விருந்து நடந்தது. சிண்டி கேம்ப்பெல் என்ற பள்ளி மாணவி, பள்ளி திறக்கும் வேளையில் புத்தாடை வாங்கப் பணம் சேர்க்க அதை ஏற்பாடு செய்தாள். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். இசைத்தட்டுகளை இயக்கியவர் அவளுடைய அண்ணன் கிளைவ், அதாவது டிஜே கூல் ஹெர்க். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து சிறுவயதில் நியூயார்க் வந்தவர். பாடல்களில் தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் பகுதி வரும்போது கூட்டம் உற்சாகம் கொள்வதை அவர் கவனித்திருந்தார். அப்பகுதிகளை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்து நீட்டினார். அவருடைய நண்பர் கோக் லா ராக் மைக்கைப் பிடித்து, வந்திருந்தவர்களின் பெயர்களைச் சொல்லி அழைத்தார். ராப் என்னும் மாளிகையின் முதற்கல் இதுதான்: கூட்டத்தில் நிற்கும் ஒருவனை அவன் பெயர் சொல்லி அழைத்தல். ஊரும் நகராட்சியும் கைவிட்ட பிள்ளைகளுக்கு அந்த அழைப்பு எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

ஹார்லெமில் ஒரு சொற்போர்

எட்டு ஆண்டுகள் கழித்து, 1981 டிசம்பரில், ஹார்லெம் வேர்ல்ட் என்ற அரங்கில் நடந்த போட்டி இக்கலையின் திசையையே மாற்றியது. பிஸி பீ என்பவர் கூட்டத்தைக் குதூகலப்படுத்துவதில் வல்லவர். அவர் ஒரு வரியை எறிவார். மக்கள் ஒரே குரலில் பதில் சொல்வர். தம்மை வெல்ல எவருமில்லை என்று அவர் மேடையில் பெருமை பேச, டிரெச்சரஸ் த்ரீ குழுவின் கூல் மோ டீ அதே மேடையில் ஏறி எதிர்நின்றார். செறிவான எதுகைகளும் வாதத் தொடர்ச்சியும் கொண்ட நீண்ட சொல்லடுக்கால் பிஸி பீயின் கூற்றுகளை அவர் ஒவ்வொன்றாக உடைத்தெறிந்தார். அந்நிகழ்ச்சியின் ஒலிநாடா கைக்குக் கை படியெடுக்கப்பட்டு நகரெங்கும் பரவியது. கூட்டத்தை ஆர்ப்பரிக்க வைப்பவர் என்ற நிலையிலிருந்து சொல்லைச் செதுக்குபவர் என்ற நிலைக்கு ராப் பாடகர் உயர்ந்த இரவாக அதைக் குறிப்பிடுவர்.

சொற்போட்டி என்பது நமக்குப் புதிதன்று. உகாழ் சந்தையில் அரபுக் கவிஞர்கள் குலப்பெருமையை முன்வைத்து மோதியதை நாம் அறிவோம். ஹிஜ்ரி 9ஆம் ஆண்டில் பனூ தமீம் குலத்தின் தூதுக்குழு மதீனாவுக்கு வந்து, தம் பேச்சாளரையும் கவிஞரையும் நிறுத்திப் போட்டிக்கு அழைத்தது. உரைக்கு உரையாக ஸாபித் பின் கைஸ் (ரலி) அவர்களும், கவிதைக்குக் கவிதையாக ஹஸ்ஸான் பின் ஸாபித் (ரலி) அவர்களும் பதிலளித்தனர். எதிர்த்தரப்பார் தோல்வியை ஒப்புக்கொண்டு இஸ்லாத்தைத் தழுவினர் என்று சீறா நூல்கள் கூறுகின்றன. ஹஸ்ஸான் (ரலி) அவர்களுக்காக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலில் ஒரு மிம்பரையே வைக்கச் செய்தார்கள் என்பதும் ஹதீஸில் பதிவாகியுள்ளது. சொற்போர் எதற்காக நடக்கிறது என்பதே மார்க்கத்தின் கேள்வி. ஹார்லெமில் மோதியது தற்பெருமையும் தற்பெருமையுமே. மதீனாவில் தற்பெருமைக்கு எதிராகச் சத்தியம் நின்றது. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு விளக்க இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துச் சொல்வது பயன்தரும்.

உயர்த்தப்பட்ட காலணிகள்

குவீன்ஸ் பகுதியின் ஹாலிஸைச் சேர்ந்த ஜோசப் சிம்மன்ஸ், டாரில் மெக்டேனியல்ஸ், ஜேசன் மிஸெல் ஆகிய மூவரின் குழு ரன்-டிஎம்சி. எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட 1985 ஜூலை 13 அன்று லண்டனிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் நடைபெற்ற 'லைவ் எய்ட்' நிகழ்ச்சியில் இவர்கள் பாடினர். ராக் இசைக்கலைஞர்களே நிறைந்திருந்த அந்த மேடையில் தெருவில் பிறந்த ஒரு கலைக்கு இடம் கிடைத்ததே பெரிய செய்தியாயிற்று.

அடுத்த ஆண்டு ஜூலையில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் இன்றும் பேசப்படும் ஒரு காட்சி அரங்கேறியது. தாம் அணிந்திருந்த அடிடாஸ் காலணியைப் பற்றிய பாடலைத் தொடங்குமுன், ரசிகர்களும் தத்தம் காலணியைக் கழற்றி உயர்த்துமாறு அவர்கள் கேட்டுக்கொண்டனர். ஆயிரக்கணக்கான கைகளில் காலணிகள் உயர்ந்தன. அரங்கில் இருந்த அந்நிறுவனத்தின் அலுவலர் அதைக் கண்டார். விரைவில் பெருந்தொகைக்கு விளம்பர ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. விளையாட்டு வீரர் அல்லாத கலைஞர்களுடன் காலணி நிறுவனங்கள் செய்துகொண்ட பெரிய ஒப்பந்தங்களில் இது முன்னோடி. மேடையில் சொன்ன ஒரு சொல் சந்தையை அசைக்கும் என்று வணிக உலகம் அன்று கற்றுக்கொண்டது. இன்று நம் பிள்ளைகள் ஒரு குறிப்பிட்ட காலணிக்காக வீட்டில் அடம்பிடிக்கிறார்கள் என்றால், அதன் வேர்களில் ஒன்று அந்த அரங்கில் இருக்கிறது.

அடுத்த மாதமே மறுபக்கமும் வெளிப்பட்டது. 1986 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் லாங் பீச் அரங்கில் ரன்-டிஎம்சி நிகழ்ச்சிக்கு வந்திருந்த கும்பல்கள் கூட்டத்துக்குள் மோதிக்கொண்டன. ஏறத்தாழ நாற்பது பேர் காயமுற்றனர். குழுவினர் மேடையேறவே முடியவில்லை. இவர்களின் பாடல்கள் கும்பல் வன்முறையைப் போற்றுபவை அல்ல. இருந்தும் பழி இவர்கள் மீதே விழுந்தது. இதற்குப் பின் அவர்கள் லாஸ் ஏஞ்சலிஸ் வானொலியில் சமாதானத்துக்காக ஒரு நாளை ஒதுக்கி, கும்பல் இளைஞர்களிடம் நேரடியாகப் பேசினர். கூட்டத்தைக் கூட்டியவனுக்கு அக்கூட்டத்தின் மீது ஒரு கடமை உண்டு என்பதை அவர்கள் உணர்ந்துகொண்டனர்.

லண்டனில் ஒலித்த அபாயச் சங்கு

1987 நவம்பரில் லண்டனின் ஹேமர்ஸ்மித் ஓடியன் அரங்கில் எல்எல் கூல் ஜே, எரிக் பி - ரகீம், பப்ளிக் எனிமி ஆகியோர் பங்கேற்ற நிகழ்ச்சி நடந்தது. அபாயச் சங்கு அலற, சீருடை அணிந்தவர்கள் இராணுவ ஒழுங்கில் நிற்க, பப்ளிக் எனிமியின் சக் டி மேடைக்கு வந்தார். கறுப்பின மக்களின் வரலாறு, காவல்துறை அடக்குமுறை, ஊடகங்களின் பொய் ஆகியவற்றை இடிமுழக்கக் குரலில் பேசினார். லண்டன் ரசிகர்களின் ஆரவாரம் ஒலிப்பதிவு செய்யப்பட்டு, அக்குழுவின் 1988ஆம் ஆண்டு இசைத்தொகுப்பின் தொடக்கமாகவே அமைக்கப்பட்டது. கடல் கடந்த ஊரிலும் தம் மக்களின் துயரத்துக்குச் செவிசாய்ப்போர் உண்டு என்பதை அமெரிக்காவுக்கு அறிவிக்கும் வழியாக அது இருந்தது. மால்கம் எக்ஸின் பேச்சுகளை அறியாதிருந்த ஒரு தலைமுறை இளைஞர் இக்குழுவின் வாயிலாகவே அவரைத் தேடிப் படித்தனர்.

அதே குழு 1989ல் பெரும் சரிவைக் கண்டது. அதன் உறுப்பினர் புரொஃபசர் கிரிஃப் ஒரு நாளிதழுக்கு அளித்த பேட்டியில் யூதர்களை ஒட்டுமொத்தமாகப் பழித்தார். கண்டனம் வெடித்தது, அவர் நீக்கப்படுவதாகச் சக் டி அறிவித்தார், குழுவே கலையும் நிலை உண்டாயிற்று. அநீதியை எதிர்த்து எழுப்பிய குரலின் நம்பகத்தன்மையை ஓர் அநீதியான பேச்சு கரைத்துவிட்டது. ஒரு கூட்டத்தார் மீதான வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று குர்ஆன் கட்டளையிடுவதை நாம் அறிவோம். ஒடுக்கப்பட்டவனுக்கும் அக்கட்டளையில் விலக்கில்லை.

இறப்புக்குப் பின் எழுந்த குரல்

பிராங்க்ஸில் வீடற்றோர் காப்பகம் ஒன்றில் ஸ்காட் ஸ்டெர்லிங் என்ற இளைஞர் ஆலோசகராகப் பணியாற்றினார். மாலையில் அவரே ஸ்காட் லா ராக் என்ற டிஜே. அக்காப்பகத்தில் தங்கியிருந்த இளைஞர் ஒருவருடன் இணைந்து பூகி டவுன் புரொடக்‌ஷன்ஸ் குழுவைத் தொடங்கினார். அந்த இளைஞரே பின்னாளில் புகழ்பெற்ற கேஆர்எஸ்-ஒன். 1987 ஆகஸ்டில், தம் குழுவைச் சேர்ந்த ஒருவருக்கு ஏற்பட்ட தகராறைச் சமாதானமாகத் தீர்க்கச் சென்ற ஸ்காட் லா ராக் சுட்டுக் கொல்லப்பட்டார். பதினாறு ஆண்டுகளுக்கு முன் பிளாக் பெஞ்சிக்கு நேர்ந்ததே அதே பிராங்க்ஸில் மீண்டும் நேர்ந்தது.

கேஆர்எஸ்-ஒன்னின் முதல் தொகுப்பின் அட்டையில் இருவரும் ஆயுதங்களுடன் காட்சியளித்தனர். நண்பரின் மரணத்துக்குப் பின் அவருடைய பேச்சு மாறியது. தம்மை 'ஆசிரியர்' என்று அழைத்துக்கொண்டு, கல்வியையும் வன்முறை எதிர்ப்பையும் மேடைதோறும் பேசலானார். 1988 செப்டம்பரில் லாங் ஐலண்டின் நாசோ கொலீசியம் அரங்கில் நடந்த ராப் நிகழ்ச்சியில் ஓர் இளைஞன் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டான். கொள்ளையே அதன் காரணம். அதன்பின், எழுத்தாளர் நெல்சன் ஜார்ஜின் முன்முயற்சியில் கேஆர்எஸ்-ஒன் உள்ளிட்ட கலைஞர்கள் 'வன்முறையை நிறுத்து' இயக்கத்தைத் தொடங்கினர். கூல் மோ டீ, எம்சி லைட், ஹெவி டி, சக் டி எனப் பலர் இணைந்து பாடிய இசைத்தட்டு 1989ல் வெளிவந்தது. வருமானம் நேஷனல் அர்பன் லீக் என்ற சமூக அமைப்புக்கு வழங்கப்பட்டது. வணிக நோக்கில் ஒருவரையொருவர் வென்றாக வேண்டிய போட்டியாளர்கள் ஒரே மைக்கின் முன் நின்றது சிறிய செயலன்று. பின்வந்த பத்தாண்டுகளில் இத்துறை மேலும் பல உயிர்களை இழந்தது என்பதும் உண்மையே. நல்லதொரு சொல் உடனே வென்றுவிடும் என்று எவரும் வாக்களிக்கவில்லை.

பெயரும் கொள்கையும்

இனிப் பிள்ளைகளின் கேள்விக்கு வருவோம். இப்பாடகர்கள் முஸ்லிம்களா?

இதற்கு ஒரே பதில் இல்லை. ரகீம் என்ற பெயரையும் சில பாடல்களில் வரும் 'அல்லாஹ்' என்ற சொல்லையும் கேட்டவுடன் பலர் மயங்குகின்றனர். கத்திப் பாடுவதே வழக்கமாயிருந்த காலத்தில் தணிந்த குரலில், அடர்ந்த எதுகையோடு பாடி ராப் நடையையே மாற்றியவர் ரகீம். அவருடைய சொல்லாட்சியை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் இளமையில் சேர்ந்தது ஃபைவ் பெர்சென்ட் நேஷன் என்ற குழு. நேஷன் ஆஃப் இஸ்லாம் அமைப்பிலிருந்து பிரிந்த ஒருவரால் 1964ல் ஹார்லெமில் தொடங்கப்பட்ட அது, கறுப்பின ஆணையே இறைவன் என்று போதிக்கிறது. தவ்ஹீதின் அடிப்படைக்கே இது முரண். அக்காலப் பாடல்களில் வரும் பல சொற்கள் நம்முடையவை போல் ஒலித்தாலும் பொருள் வேறு. இதைப் பிள்ளைகளுக்கு நிதானமாக, அம்மக்கள் பட்ட அடிமைத்துயரின் பின்னணியோடு விளக்க வேண்டும். ஏளனம் செய்வது எவ்வகையிலும் உதவாது.

வேறு சிலர் இஸ்லாத்தைத் தழுவியவர்கள். மோஸ் டெஃப் என்று அறியப்பட்டு, 2011ல் தம் மேடைப்பெயரை யாஸீன் பே என மாற்றிக்கொள்வதாக அறிவித்தவர் தம் 1999ஆம் ஆண்டுத் தொகுப்பை பிஸ்மில்லாஹ் கூறித் தொடங்கினார். 2006 ஆகஸ்ட் 31 அன்று நியூயார்க்கின் ரேடியோ சிட்டி அரங்குக்குள் பெரிய விருது விழா நடந்துகொண்டிருந்தபோது, அவர் வெளியே ஒரு திறந்த லாரியில் ஏறி நின்றார். கத்ரீனா புயலில் கைவிடப்பட்ட நியூ ஓர்லியன்ஸ் ஏழைகளைப் பற்றிப் பாடினார். காவல்துறையினர் அவரைக் கைது செய்தனர். உள்ளே மேடை ஒளிர்ந்துகொண்டிருந்தது. இன்று பலர் நினைவில் நிற்பது அந்த லாரிதான்.

2016 நவம்பர் 12 அன்று நடந்ததும் அத்தகையதே. முஸ்லிம்கள் நாட்டுக்குள் நுழைவதையே தடுக்க வேண்டும் என்று பிரச்சாரம் செய்தவர் அமெரிக்க அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு நான்கு நாட்களே ஆகியிருந்தன. 'சாட்டர்டே நைட் லைவ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியை அன்று தொகுத்தளித்தவர் டேவ் சாப்பல். இஸ்லாத்தை ஏற்ற நகைச்சுவைக் கலைஞர். அதில் பாடியது எ டிரைப் கால்டு குவெஸ்ட் குழு. அதன் முன்னணிப் பாடகர் கியூ-டிப்பும் 1990களில் இஸ்லாத்தை ஏற்றவர். குழுவின் மற்றொரு தூணான ஃபைஃப் டாக் அவ்வாண்டு மார்ச் மாதம் நீரிழிவு நோயால் காலமாகியிருந்தார். முஸ்லிம்களையும் குடியேறியோரையும் ஏழைகளையும் வெளியே போகச் சொல்லும் குரல்களை இடித்துரைக்கும் பாடல் அது. ஃபைஃப் பாட வேண்டிய இடம் வந்தபோது அவர் உருவம் வரைந்த திரை மேலிருந்து இறங்கியது. அவருடைய குரல் ஒலிப்பதிவிலிருந்து எழ, தோழர்கள் ஆளில்லாத மைக்கின் அருகே நின்றனர்.

நாம் கையாளவேண்டிய அளவுகோல்

இவ்வரலாற்றில் நான் சொல்லாமல் விட்டவை ஏராளம். ஆபாசம், போதை, பெண்களை இழிவுபடுத்தல், பணத்தின் மீதான வெறி ஆகியவை இத்துறையின் பெரும்பகுதியைப் பிடித்திருக்கின்றன. அவற்றிலிருந்து பிள்ளைகளைக் காப்பதில் சமரசத்துக்கு இடமில்லை. ஆனால் காப்பதற்கு நம் கையில் ஓர் அளவுகோல் வேண்டும். குர்ஆனில் கவிஞர்களின் பெயராலேயே ஓர் அத்தியாயம் உள்ளது. தாம் செய்யாததைச் சொல்லித் திரியும் கவிஞர்களை அது கண்டிக்கிறது. ஈமான் கொண்டு, நற்செயல் புரிந்து, இறைவனை அதிகம் நினைவுகூர்ந்து, அநீதிக்குள்ளான பின் தம்மைத் தற்காத்துக்கொள்வோருக்கு விலக்கும் அளிக்கிறது.

ஆகவே, உங்கள் மகனோ மகளோ ஒரு பாடகரின் பெயரைச் சொன்னால், அன்றிரவு உணவு வேளையில் அவர்களுடன் அமர்ந்து சில கேள்விகளைக் கேளுங்கள். இவர் யாருக்காகப் பேசுகிறார்? சொல்வதைத் தம் வாழ்வில் செய்கிறாரா? இவர் சொல்லைக் கேட்ட கூட்டம் கலைந்து வீடு திரும்பும்போது எத்தகைய மனத்தோடு திரும்புகிறது? இவர் 'அல்லாஹ்' என்று சொல்லும்போது எந்தப் பொருளில் சொல்கிறார்? இக்கேள்விகளைக் கேட்கப் பழகிய பிள்ளை, பாட்டை மட்டுமன்றி அரசியல் மேடையையும், சொற்பொழிவு மேடையையும், ஏன், ஆசிரியர்களாகிய எங்களையும் அதே அளவுகோலால் அளக்கும். அளக்கட்டும். நம் நாவுகளைப் பேணும் பொறுப்பை நமக்கும் நம் சந்ததிக்கும் வல்ல அல்லாஹ் எளிதாக்குவானாக. ஆமீன்.